உங்களுக்குத் தெரியுமா? சிடி பிளேயரின் லென்ஸ்

முதல் சிடி பிளேயரான சோனி சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1982 அக்டோபர் 1 அன்று. பழைய கருவி ஒன்று சிடியைப் படிக்க மறுத்தால், லேசர் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பல நேரம் லென்ஸில் படிந்த தூசிதான் காரணம். சிடியில் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் வெறும் 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் முப்பது தடங்களுக்கு மேல் அடங்கும்! எனவே லென்ஸில் படியும் மெல்லிய அழுக்குப் படலமே சிடியைப் படிப்பதைக் குழப்பிவிடும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸைப் பட்டும் படாமலும் துடையுங்கள். டிரே திறக்க முரண்டு பிடிக்கிறதா? தளர்ந்த ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். லேசரின் திறனைக் கூட்டும் சிறு திருகை மட்டும் தொடவே வேண்டாம். மின்னோட்டம் மிகுந்தால் லேசர் டயோடு கருகிவிடும்.