அப்பாவின் நிறம்

போன மாதம் ஆம்பூரில் என் ஸ்டுடியோவுக்கு ஓர் அக்கா தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். 1983-இல் எடுத்தது. மேடையில் அவருடைய அப்பா. டேனரியில் ஃபினிஷிங் வேலை பார்த்தவர். படம் முழுக்கச் செம்மண் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. "எங்கப்பா நல்ல கருப்புண்ணே. இதுல யாரோ மாதிரி இருக்காரு" என்றார்.

கலர் படத்தில் இருப்பது மூன்று சாயம்: சயான், மெஜந்தா, மஞ்சள். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் முதலில் வெளுப்பது சயான்தான். சிவப்பை அடக்கிவைத்திருந்த சாயம் அது. அது குறைந்ததும் தலைமுடிகூடச் செம்பட்டை ஆகிவிடும்.

16 பிட்டில் ஸ்கேன் செய்து, முதலில் தலைமுடியைக் கருப்பாக்கினேன். இருண்ட பகுதிகளில் சிவப்பை மட்டும் இறக்கினால் போதும். அடுத்து வெள்ளைக்கு வேட்டியைப் பிடித்தேன். முகம் மஞ்சள் பூத்துவிட்டது. நீலம் போட்டு வெளுத்த வேட்டி உண்மையில் லேசான நீலம். அதை வெறும் வெள்ளையாக்கினால் படம் முழுக்க மஞ்சள் ஏறும். வேட்டியை விட்டுவிட்டு, நெற்றியில் எண்களைப் பார்த்தேன். கருத்த தோலோ வெளுத்த தோலோ, சாதாரண வெளிச்சத்தில் சிவப்பு எண் பெரியது, பச்சை அடுத்தது, நீலம் கடைசி. இந்த வரிசை கலைந்தால் முகத்தில் உயிர் இருக்காது.

கருப்பு முகத்துக்கு அநியாயம் லேபிலேயே தொடங்கிவிட்டது. நிறம் சரிபார்க்க கோடக் அனுப்பிய 'ஷர்லி' அட்டைகளில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். பிரவுன்கள் பிரிந்து தெரியவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகள் புகார் சொன்ன பிறகே பிலிமைத் திருத்தினார்கள் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனித முகத்துக்காக அல்ல என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பிரவுன் ஷேடு துளி மாறினாலும் தோலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கவனம் முகத்துக்கு வேண்டாமா?

"கொஞ்சம் செவப்பா ஆக்கிடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை.

அந்த அக்கா அப்படிக் கேட்கவில்லை. டெஸ்ட் பிரிண்டை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் தன் முழங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நான் அப்பா நிறம்தாண்ணே. கன்னத்துல இன்னும் கொஞ்சம் கருப்பு வேணும்."

மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.