தாமஸ் அஹ்ரென்ஸ் – அதிர்ச்சி அலைகளும் புவியின் ஆழமும்

தாமஸ் ஜே. அஹ்ரென்ஸ் (1936–2010) அமெரிக்கப் புவி இயற்பியலாளர். 1962-இல் முனைவர் பட்டம் பெற்ற இவர், 1967 முதல் கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார்.

புவியின் ஆரம் 6371 கி.மீ. மனிதர் இட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அதன் ஆழம் 12 கி.மீ.தான். நிலநடுக்க அலைகள் கருவத்தின் அடர்த்தியைச் சொல்லும். வெப்பநிலையை நேரடியாகச் சொல்லா. ஆகவே அங்குள்ள அழுத்தத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு அஹ்ரென்ஸ் பயன்படுத்திய கருவி ஒரு பீரங்கி!

வெடிமருந்து முதலில் ஓர் உந்துதண்டைத் தள்ளும். அது ஹைட்ரஜன் வாயுவை நெருக்கும். நெருக்கப்பட்ட வாயு தடுப்புத் தகட்டைக் கிழித்துக்கொண்டு எறிபொருளை நொடிக்கு 7 கி.மீ. வரையிலான வேகத்தில் வீசும். துப்பாக்கிக் குண்டின் வேகம் நொடிக்கு 1 கி.மீ. அளவே. ஹைட்ரஜன் மிக லேசான வாயு என்பதால்தான் இவ்வளவு வேகம் கிட்டுகிறது. மோதிய மாதிரி சிதறிவிடும். அதற்குள், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அளவீடு முடிந்துவிட வேண்டும்.

உந்த அழியா விதி எதற்கு என்று கேட்காத மாணவரை நான் கண்டதில்லை. இதோ ஒரு பயன். அழுத்தம் = அடர்த்தி × அதிர்ச்சி அலையின் வேகம் × துகள் வேகம். இரும்புத் தகடு நொடிக்கு 4 கி.மீ. வேகத்தில் இரும்பின் மீதே மோதினால், துகள் வேகம் அதில் சரிபாதி, 2 கி.மீ. அலையின் வேகம் ஏறத்தாழ 7.1 கி.மீ. பெருக்கினால் சுமார் 112 கிகாபாஸ்கல், அதாவது 11 லட்சம் வளிமண்டல அழுத்தம். கருவத்தின் மேல் எல்லையில் உள்ளது 136 கிகாபாஸ்கல். கிட்டத்தட்ட அங்கேயே போய்விட்டோம்.

அதிர்ச்சியில் ஒளிரும் இரும்பின் ஒளியைக் கொண்டு வெப்பநிலையும் அளக்கப்பட்டது. 1987-இல் இவரது குழுவும் ரேமண்ட் ஜீன்லோஸ் குழுவும் சேர்ந்து, புவி மையத்தின் வெப்பநிலை சுமார் 6900 கெல்வின் என்றும், பிழை 1000 வரை இருக்கலாம் என்றும் மதிப்பிட்டனர். 2013-இல் வெளியான வேறொரு ஆய்வு, உட்கருவ எல்லையில் சுமார் 6200 கெல்வின் என்றது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

கோள்கள் உருவானபோது நிகழ்ந்த மோதல்களையும் இவர் ஆராய்ந்தார். நீரைத் தன்னுள் கொண்ட செர்பென்டைன் கனிமத்தை அதிர்ச்சிக்கு உட்படுத்தினால் நீராவி வெளியேறுவதை இவரும் மான்ஃபிரெட் லாங்கேயும் காட்டினர். புவியின் தொடக்ககால வளிமண்டலம் இப்படியும் உருவாகியிருக்கலாம். டைனோசர்கள் அழிந்த காலத்து விண்கல் மோதலை ஜான் ஓ'கீஃப் உடன் சேர்ந்து கணக்கிட்டுப் பார்த்தார்.

4739 என்ற எண்ணுடைய சிறுகோள் இவர் பெயரால் 'டாமஹ்ரென்ஸ்' என்று வழங்கப்படுகிறது.