கண்மாய் மண்

பொங்கல் நெருங்கும் நாட்களில் மண்பானையைப் பற்றி எழுதுவது பத்திரிகைகளின் வழக்கம். மண்சட்டியில் வைத்த குழம்பின் ருசியைப் பற்றி வாசகர்கள் நிறையப் படித்திருப்பார்கள். ஆகையால் அதை விட்டுவிட்டு, மானாமதுரையில் தம் ஆயுளின் பெரும்பகுதியைச் சக்கரத்தின் முன் கழித்துவிட்ட முதிய வேளார் ஒருவர் பழைய காலத்துத் தொழிலைப் பற்றிச் சொன்னவற்றுள், என் மனத்தை விட்டு அகலாத விஷயத்தையே பிரதானமாக எழுத விரும்புகிறேன். அது மண்ணைப் பற்றியது.

அவருடைய வாலிபப் பருவத்தில் மோட்டார் பூட்டிய சக்கரம் கிடையாது. மர ஆரங்கள் அமைத்து, விளிம்பு முழுவதும் நாரும் மயிரும் கலந்து பிசைந்த களிமண்ணை அப்பிக் கனமேற்றிய பெரிய சக்கரத்தை முளையின்மேல் நிறுத்தி, கோலால் சுழற்றிவிட்டு, அந்த வேகம் அடங்குவதற்குள் ஒரு பானையின் வாயையும் கழுத்தையும் தோளையும் எழுப்பிவிட வேண்டும். சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடி இராது என்பதை நகரவாசிகளில் பலர் அறியார். அடியில்லாத அந்தத் தடித்த உருவத்தை நிழலில் வாட்டி, ஈரம் பாதி உலர்ந்த பக்குவத்தில், உள்ளே வழவழப்பான கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிவித்து, வயிற்றைத் திரட்டி அடியை மூடுவதே வேலையில் பெரும்பகுதி. மண் மிதிப்பதிலும் தட்டுவதிலும் காவி பூசுவதிலும் சந்தைக்குச் சுமந்து செல்வதிலும் வீட்டுப் பெண்களின் பிரயாசை சரிபாதிக்குக் குறைந்ததன்று. ஆயினும் சக்கரத்தில் அவர்கள் கை வைக்கலாகாது என்ற சம்பிரதாயம் வெகுகாலம் நிலவியது. அது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை கைத்திறனும் மண் நல்லதாக வாய்த்தால்தான் பலிக்கும் என்பதைப் பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றியதும், மேலே படிந்திருக்கும் சவுட்டை ஒதுக்கிவிட்டு, அடியில் உள்ள களியை வெட்டி, வருஷம் முழுவதற்கும் வேண்டிய அளவு மாட்டுவண்டியில் ஏற்றிவந்து வீட்டோரம் குவித்துக்கொள்வார்கள். ஒரே கண்மாயின் மண் எல்லாவற்றுக்கும் உதவாது. ஒன்றில் பசை மிகுதி, மற்றொன்றில் மணல் வாகு. இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பது பாண்டத்தைப் பொறுத்தது. அடுப்பில் ஏறும் சட்டிக்கு மணல் கூடுதலாக வேண்டும். உஷ்ணத்தில் சட்டி விரிந்து சுருங்கும்போது வெடிப்பு ஓடிவிடாதபடி அந்த மணற் பரல்களே தடுக்கின்றன. தண்ணீர்ப் பானைக்கோ நுண்ணிய துவாரங்கள் அவசியம். அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உஷ்ணத்தைக் கவர்ந்து செல்வதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. இதற்கு நேர்மாறாக, கர்நாடக சங்கீத வித்வான்கள் தேடிவந்து வாங்கும் மானாமதுரைக் கடமோ, மண் மிக நைசாக இருந்து, ஆயிரக்கணக்கான தட்டுக்களைத் தாங்கி, சுவர் எங்கும் ஒரே சீராக இறுகினால்தான் நாதம் கொடுக்கும்.

"மண்ணு மோசமா இருந்தா சக்கரத்துல வச்ச உடனே தெரிஞ்சிடும், தம்பி. இழுக்க இழுக்கப் பிய்ஞ்சு வரும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் அது சேராது" என்றார் அவர்.

அந்நாட்களில் மண்ணுக்கு அவர்கள் காசு கொடுத்ததில்லை. யாரிடமும் மனுப் போட்டதுமில்லை. கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, கோவிலுக்குக் கலயம், இழவு வீட்டுக்குக் கொள்ளிக் குடம், ஐயனாருக்குப் புரவி என்று ஊருக்கு வேண்டியவற்றையெல்லாம் வேளார் செய்து கொடுக்க, அறுவடையில் களத்துமேட்டிலேயே நெல் அளந்து கொடுத்து, கண்மாயில் மண் எடுக்கும் பாத்தியதையையும் ஊர் அவர்களுக்கு அளித்திருந்தது. வருஷந்தோறும் களி வெட்டப்பட்டதால் கண்மாய்க்கும் ஆழம் கிடைத்தது. மழைக்காலத்தில் நீர் கூடுதலாகத் தேங்கிற்று. ஒரு கிராமம் தன் நீர்நிலையைத் தானே பராமரித்துக்கொண்ட கிரமத்தில் குயவரின் மண்வெட்டிக்கும் பங்கு இருந்தது என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். இதே வைகைக் கரையில், மானாமதுரைக்கு வடமேற்கே கீழடியில், 2015 முதல் நடந்துவரும் அகழாய்வுகளில் கறுப்பு சிவப்புப் பாண்டங்களும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் குவியல் குவியலாகக் கிடைத்திருப்பதைக் காணும்போது, இந்த நதிதீரத்தில் மண்ணும் மனிதனும் கொண்ட உறவு எத்துணைப் புராதனமானது என்பது விளங்கும்.

எவர்சில்வரும் அலுமினியமும் வந்ததால் தொழில் நசித்தது என்பது பொதுவான அபிப்பிராயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வாங்குவோர் இன்று மீண்டும் வருகிறார்கள், மண்ணுக்குத்தான் தட்டுப்பாடு. குடிமராமத்து ஒழிந்து தூர்ந்துபோன கண்மாய்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. களிக்குள் வேர் பின்னிக் கிடப்பதால் நல்ல மண் இருக்கும் இடத்தை எட்டுவதே பெரும்பாடு. சூளைக்கு விறகாவதும் அந்த மரமே என்பதால் பெரியவருக்கு அதை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. மாநிலத்தின் 1959ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகளில் மண்பாண்டத் தொழிலாளர் களிமண் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அப்படியிருந்தும், மனு, வரைபடம், கையொப்பம் என்று அனுமதி கைக்கு வருவதற்குள் கோடை கழிந்துவிடுகிறது என்பது தொழிலாளர்களின் குறை. கட்டுப்பாடு தளர்ந்தால் செங்கல் சூளைகளுக்காகக் கண்மாயையே சூறையாடிவிடுவார்கள் என்று எச்சரிப்போரும் உளர். லாரி லாரியாக அள்ளுகிறவர்களையும், ஒரு குடும்பத்தின் வருஷாந்தர ஜீவனத்துக்கு நாலைந்து வண்டி மண் கேட்கிறவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2023இல் மானாமதுரை மட்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மிகுந்த சந்தோஷத்துக்குரியது. அந்தக் குறியீடு காப்பது இவ்வூர்ப் பாண்டத்தின் பெயரை. அந்தப் பெயருக்கு ஆதாரமாக இருப்பது இப்பகுதிக் கண்மாய்களின் களி. ஆகவே, எந்தெந்தக் கண்மாயின் எந்தப் பாகத்தில் நல்ல மண் இருக்கிறது என்பதை, அதை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தப் பாகங்களைப் பாண்டத் தொழிலுக்கென்றே ஒதுக்கி, முள்ளை அகற்றி, பங்குனி முடிவதற்குள் அனுமதிச் சீட்டு வீடு வந்து சேரும்படி செய்ய வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கண்மாயில் தண்ணீர் நிற்கும். பிறகு அடுத்த சித்திரை வரையில் ஒரு கூடை களிகூட எடுக்க முடியாது.