எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்

வீடு மாறும்போது முதலில் எதைக் கழிப்பீர்கள் என்று கேட்டால், பழைய மெத்தை, பழைய சோபா என்று சொல்வோம். எனக்கு நினைவுக்கு வருவது பழைய கணினி. ஸ்டோர் ரூம் மூலையில், அரிசிப் பைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் பின்னால், பழந்துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு பல வருடங்களாக உட்கார்ந்திருக்கும். புது வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே அது மின்தூக்கிப் பக்கம் வந்துவிடும். அடுத்தது காராங்குனிக்காரரின் தள்ளுவண்டி.

அந்த வண்டியில் ஏறுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஆள்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழைய கணினிகளைச் சேர்க்கிறேன், பழுதுபார்க்கிறேன், மற்றவர்களோடு மாற்றிக்கொள்கிறேன், சிலவற்றை விற்கவும் செய்கிறேன். பகலில் கணினித் துறையில் வேலை. இரவில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி எனக்கு, மறுபாதி மகளின் வீட்டுப்பாடத்துக்கு. எல்லைக்கோடு என் மனைவி போட்டது.

“இதெல்லாம் எதற்கு?” என்று கேட்காத உறவினர் இல்லை. நியாயமான கேள்விதான். 1982ல் வந்த கமடோர் 64ன் மொத்த நினைவகம் 64 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. ஆனால் அந்த இயந்திரங்கள் சுமந்திருக்கும் சில விஷயங்கள் வேறு எங்கும் இல்லை.

நம் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது

பழைய கணினி என்றாலே அமெரிக்கக் கதை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆப்பிள் நிறுவனம் 1981ல் சிங்கப்பூரில் தொழிற்சாலை திறந்தது. அடுத்த ஆண்டே சீகேட் இங்கே வந்தது. அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் ‘சிங்கப்பூரில் தயாரிக்கப்பட்டது’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். முகமூடியும் வெள்ளை அங்கியும் அணிந்து, நுண்ணோக்கியில் கண் வைத்து அவற்றைப் பொருத்தியவர்களில் நம் அம்மாக்களும் அத்தைகளும் இருந்தார்கள்.

சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் ‘பீப்’ என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த பல வீட்டுக் கணினிகளைப் பாடவும் பேசவும் வைத்த அட்டை அது. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். என் மேசை இழுப்பறையில் இரண்டு இருக்கின்றன. மாற்றுச் சந்தையில் அவை எனக்குக் கைக்காசு மாதிரி.

எது கொல்கிறது?

பழைய கணினி பெரும்பாலும் ஓடி ஓடித் தேய்ந்து சாவதில்லை. சும்மா இருந்தே சாகிறது.

முதல் எதிரி, மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி. கணினியை அணைத்த பிறகும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைக்க அது உதவுகிறது. 386, 486 வகைக் கணினிகள் பலவற்றில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் அதிலிருந்து காரத் திரவம் கசியும். பச்சை நிறத்தில் பூத்து, போர்டின் செப்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். அதை வினிகரால் முறித்து, ஆல்கஹாலால் கழுவி, அறுந்த கோடுகளுக்குப் பதிலாக முடி போன்ற கம்பியைப் பற்றவைக்க வேண்டும்.

இரண்டாவது, மின்தேக்கிகள். அவையும் காலப்போக்கில் கசியும், காய்ந்துபோகும். மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள காகித வகை மின்தேக்கி வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சியிருந்தால், சுவிட்ச் போட்ட சில நிமிடங்களில் வீடு முழுக்கப் புகையும் நாற்றமும்தான்.

மூன்றாவது, நம் ஊர் ஈரப்பதம். ஃபிளாப்பி என்பது காந்தப் பூச்சுள்ள மெல்லிய வட்டத் தகடு. அதில் பூஞ்சை பிடித்தால் பூச்சோடு சேர்ந்து தகவலும் போகும். புகைப்படக்காரர்கள் கேமரா லென்ஸைப் பாதுகாக்கும் உலர்பெட்டியில்தான் நான் ஃபிளாப்பிகளை வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போவது பார்க்கத்தான் மோசம். கணினிக்குக் கெடுதல் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் அதை ஓரளவு வெளுக்க வைக்கும். ஆனால் பழைய கண்ணாடித் திரையைப் பழகாதவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பிஸ்கட் டின்னில் இருந்த நாடகங்கள்

சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நண்பர் மூலம் என்னைத் தேடி வந்தார். வயது எழுபத்தெட்டு. மகன் கையில் ஒரு 486 கணினி. அவர் கையில் பிஸ்கட் டின். அதற்குள் 31 ஃபிளாப்பிகள்.

“தம்பி, தொண்ணூறுகள்ல பிள்ளைங்களுக்காக எழுதின நாடகமெல்லாம் இதுலதான் இருக்கு. அச்செடுத்த தாளெல்லாம் வீடு மாறினப்போ போயிடுச்சு. எடுத்துத் தர முடியுமா?”

“பாக்குறேன் ஐயா. ஆனா இப்பவே வாக்குக் கொடுக்க முடியாது.”

31 ஃபிளாப்பிகளில் 19 சுத்தமாகப் படித்தன. 7 அரைகுறையாக வந்தன. 5ல் பூஞ்சை எல்லாவற்றையும் முடித்திருந்தது. கிடைத்த கோப்புகளை என் மடிக்கணினியில் திறந்தேன். ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. அடைப்புக்குறிகளும் விசித்திரக் குறிகளுமாக இருந்தது.

காரணம் தெரிந்ததுதான். மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழைக் கணினிக்குள் கொண்டுவரப் பாடுபட்ட காலம் அது. அப்போது எல்லாருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு நடைமுறையில் இல்லை. ஒரு மென்பொருளில் ‘க’வுக்கு ஓர் எண், இன்னொன்றில் வேறோர் எண். 1997ல் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாட்டிலும், 1999ல் சென்னையில் நடந்த மாநாட்டிலும் பேசித் தீர்க்க முயன்றது இந்தச் சிக்கலைத்தான். யூனிகோட் பரவலான பிறகே நமக்கு நிம்மதி. அதற்கு முன் எழுதியதைப் படிக்க, எழுதியபோது பயன்படுத்திய எழுத்துருவே வேண்டும். ஆசிரியரின் எழுத்துரு அந்த 486ன் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அந்த 486ன் மதர்போர்டையோ பேட்டரி அரித்திருந்தது.

மூன்று வார இறுதிகள் அதற்கே போயின. அறுந்த கோடுகள் ஒன்பது. அவற்றை இணைத்த பிறகும் கணினிக்குத் தன் ஹார்டு டிஸ்க்கை அடையாளம் தெரியவில்லை. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் உள்ள எண்களைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் தட்டிக் கொடுத்தேன். ‘விர்ர்’ என்று அது சுழல ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் விண்டோஸ் 3.1 திரை வந்தது. கோப்பைத் திறந்தேன். ‘காட்சி ஒன்று’ என்று தமிழில் நின்றது.

எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் திரையைப் பார்த்து வாய்விட்டு வாசித்து, ‘ண’வும் ‘ன’வும் இடம் மாறியதைப் பிடித்துக் கொடுத்தாள். வாசித்துக்கொண்டே சில இடங்களில் சிரித்தாள். மொத்தம் பதினான்கு நாடகங்களில் ஒன்பது முழுதாகக் கிடைத்தன. மூன்றில் சில காட்சிகள் இல்லை. இரண்டு போயே போய்விட்டன. அந்த இரண்டின் ஃபிளாப்பிகளையும் ஆசிரியர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே ஒட்டிய தாளில் அவர் கையெழுத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. “தலைப்பாவது மிஞ்சுச்சே” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

என்ன விலை போகும்?

1976ல் 666.66 டாலருக்கு விற்ற ஆப்பிள் 1 கணினிகளில் ஒன்று, 2014ல் ஏலத்தில் 905,000 அமெரிக்க டாலருக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யப்பட்டவை ஏறத்தாழ 200தான். உங்கள் ஸ்டோர் ரூமில் இருப்பது பெரும்பாலும் அதுவாக இருக்காது.

சாதாரண வீட்டுக் கணினிக்குப் பெரிய விலை கிடையாது. சுங்கை ரோடு பழஞ்சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் கெரோசல் போன்ற தளங்களுக்குப் போய்விட்டன. ‘சோதிக்கவில்லை, அப்படியே விற்கப்படும்’ என்றால் பழுது என்றே எடுத்துக்கொள்வேன். எங்களுக்குள் காசைவிடப் பண்டமாற்றுதான் அதிகம். ஒருவரிடம் விசைப்பலகை மிச்சம், இன்னொருவரிடம் டிரைவ் மிச்சம். எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து மாற்றிக்கொண்டு, தே தாரிக் குடித்துவிட்டுப் பிரிவோம்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால்

ஆசையாக இருந்தாலும் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி இருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபிளாப்பிகளை வெளிச்சத்தில் பிடித்து, பூஞ்சை உண்டா என்று பாருங்கள். பூஞ்சை பிடித்ததை டிரைவில் போட்டால் டிரைவும் கெடும், அடுத்துப் போடும் ஃபிளாப்பிக்கும் தொற்றும். சுத்தமாக இருக்கும் மூன்றரை அங்குல ஃபிளாப்பி என்றால், மூலையில் உள்ள சிறு சன்னலைத் திறந்துவிட்டுப் பிறகு செருகுங்கள். அப்போது தவறியும் எதுவும் அழியாது. யுஎஸ்பி டிரைவே அதைப் படிக்கப் போதும். ஐந்தே கால் அங்குலப் பெரிய ஃபிளாப்பிக்குத் தனிச் சாதனம் வேண்டும்; அதை எங்களைப் போன்றவர்களிடம் கொடுங்கள்.

அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருளின் ஃபிளாப்பியோ கையேடோ கிடைத்தால் கட்டாயம் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் கோப்பு மட்டும் இருந்து பயன் குறைவு.

இவ்வளவும் பார்த்து, எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு, கணினி தேவையில்லை என்றால் தாராளமாக மின்கழிவுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். எல்லாப் பெட்டியையும் காப்பாற்ற என் சாப்பாட்டு மேசையிலும் இடமில்லை. கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, சங்கக் கூட்டக் குறிப்பு, யாரோ எழுதி யாருக்கும் காட்டாத கதை என்று, தமிழில் நாம் தட்டெழுதிய பத்து, பதினைந்து வருடம் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள்தான் கிடக்கிறது. பூஞ்சை நமக்காகக் காத்திருக்காது. இந்த வார இறுதியில் ஸ்டோர் ரூமைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.