ரெண்டு பசங்க, 28.40 கோடி: சிஎஸ்கே போட்ட கணக்கு சரியா?

புது வரி முறை பத்தி நம்ம சேனல்ல போட்ட வீடியோவுக்குக் கீழே வந்த கேள்விகள்ல பாதி வரியைப் பத்தியே இல்லை. "சார், ஜடேஜாவைக் கொடுத்தது நியாயமா?", "ஆடாத பையனுக்கு 14 கோடியா, இவங்களுக்கு யார் ஆடிட்டர்?", "போனஸ் வந்திருக்கு, சிஎஸ்கே ஷேர் வாங்கலாமா?" இப்படியே போகுது. சரி, ஒரு நாள் பிஎஃப், எச்ஆர்ஏ எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இதைப் பேசிடுவோம். நானும் திருவொற்றியூர்க்காரன்தான். மஞ்சள் சட்டை என் பீரோவிலும் இருக்கு.

முதல்ல எங்கே நிக்கிறோம்னு பார்த்துடலாம். 2025 சீசன்ல 14 ஆட்டம், 4 வெற்றி, பத்தாவது இடம். அஞ்சு கப் ஜெயிச்ச டீம் கடைசி இடத்துல முடிச்சது அதுதான் முதல் தடவை. அதைவிட வலிச்சது சேப்பாக்கம். பெங்களூர் 2008க்கு அப்புறம் முதல் தடவையா இங்க வந்து ஜெயிச்சுட்டுப் போனாங்க. டெல்லி 2010க்கு அப்புறம். கொல்கத்தா மேட்ச்ல நாம 20 ஓவர் ஆடி எடுத்தது 103. விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி கவர்ன்மெண்ட் எஸ்டேட்ல இறங்கிப் போனவங்களுக்கு, திரும்பி வர்ற ரயில் எவ்வளவு அமைதியா இருந்துச்சுன்னு தெரியும்.

எல்லாரும் பழியை ஆட்டத்து மேல போடுறாங்க. என் கணக்குல தப்பு அதுக்கு நாலு மாசம் முன்னாடியே, 2024 நவம்பர்ல ஜெட்டா ஏலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. அப்ப ஒரு டீமுக்கு மொத்த பட்ஜெட் 120 கோடி. ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. அஞ்சு பேருக்கே 65 கோடி போயிருச்சு. அதாவது 54 சதவீதம். மாசம் அறுபதாயிரம் சம்பளம் வாங்குற ஒருத்தர் முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல இஎம்ஐ கட்டிட்டு என்கிட்ட வந்தா நான் என்ன சொல்வேனோ, அதைத்தான் சிஎஸ்கேவுக்கும் சொல்வேன். இஎம்ஐ கட்டுறது பாவம் இல்லை. ஆனா மீதியில ஒரு ரூபாய் கூட தப்பான இடத்துக்குப் போகக் கூடாது.

போச்சே! மீதி 55 கோடியில அஸ்வினுக்கு 9.75 கோடி. அப்ப அவருக்கு 38 வயசு. அஸ்வின் மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு நம்ம சேனல் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். ஆனா அந்த விலை அவர் அடுத்து போடப் போற பந்துக்குக் கொடுத்தது இல்லை, 2010லயும் 2011லயும் போட்ட பந்துக்குக் கொடுத்தது. பழைய ஆளு, நம்ம ஆளு, தெரிஞ்ச முகம். சாம் கரன் திரும்பி வந்ததும் அதே வழியிலதான். அஸ்வின் 9 ஆட்டத்துல 7 விக்கெட் எடுத்துட்டு ஆகஸ்ட்ல ஐபிஎல்லுக்கே வணக்கம் சொல்லிட்டாரு. அந்த ஏலத்துல எனக்குப் பிடிச்ச ஒரே பெரிய செலவு நூர் அகமது. 10 கோடி, 24 விக்கெட்.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. சீசனைக் கொஞ்சமாவது காப்பாத்தினது ஏலத்துல எடுத்தவங்க இல்லை, நடுவுல காயத்துக்கு மாற்றா வந்தவங்க. ருதுராஜுக்கு முழங்கை அடிபட்டதும் வந்த ஆயுஷ் மாத்ரேவுக்கு 30 லட்சம். 17 வயசுப் பையன் 7 ஆட்டத்துல 240 ரன். பெங்களூருக்கு எதிரா 48 பந்துல 94. பிரெவிஸ் 2.20 கோடிக்கு வந்து 6 ஆட்டத்துல 225 அடிச்சாரு. நிர்வாகம் இதுல இருந்து ஒரு பாடம் எடுத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன்: சின்னப் பசங்கதான் இனிமே. பாடம் சரி. அதுக்குக் கொடுத்த ஃபீஸ்தான் கேள்வி.

ஜடேஜா

2025 நவம்பர் 15. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. இந்த இடத்துல நிறைய பேர் என்கிட்ட சண்டைக்கு வருவீங்க, வாங்க.

உணர்ச்சியை ஒரு நிமிஷம் வெளியே நிறுத்திட்டு லெட்ஜரைத் திறங்க. நம்ம கையை விட்டுப் போனது ஜடேஜா 18 கோடி, கரன் 2.40 கோடி, ஆக 20.40. உள்ளே வந்தது சஞ்சு, 18 கோடி. ஏலத்துக்கு 2.40 கோடி மிச்சம். போனவருக்கு டிசம்பர்ல 37 வயசு முடிஞ்சிருச்சு, வந்தவருக்கு 31. நம்ம டீம்ல முதல் ஆறு ஓவர்ல அடிக்க ஆள் இல்லாம தவிச்சோம். சஞ்சு அதைத்தான் செய்வாரு, கீப்பிங்கும் பண்ணுவாரு. ராஜஸ்தான் ஜடேஜாவுக்குக் கொடுக்கிறது 14 கோடி. சந்தை அவருக்குப் போட்ட இன்னைய விலை அதுதான். 18னு நம்ம புத்தகத்துல இருந்ததுல 4 கோடி நம்ம பாசம்.

ஆனா லெட்ஜர்ல ஏறாத ஒண்ணு இருக்கு. 12 சீசன். 2023 ஃபைனல், கடைசி ரெண்டு பந்து, பத்து ரன் வேணும், சிக்ஸ், ஃபோர். விடிய விடிய நடந்த அந்த மேட்ச்சுக்கு அப்புறம் காலையில வேலைக்குப் போனவங்கதான நாம எல்லாரும். அஞ்சு வருஷம் வேலை பார்த்தாலே நமக்கு கிராஜுட்டி உண்டு. 12 சீசன் ஆடினவருக்கு 4 கோடி சம்பளக் குறைப்போட இடமாறுதல். 2025ல கூட அவர் 301 ரன், 10 விக்கெட். டீம்லயே மோசமா ஆடினவர் இல்லை. மோசமா ஆடாதவங்களையும் கம்பெனி மாத்தும், ஏன்னா கம்பெனி பார்க்கிறது அடுத்த மூணு வருஷத்தை. நான் நிர்வாகத்துல இருந்திருந்தா இதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பேன். போட்டுட்டு ரெண்டு நாள் யார்கூடவும் பேசியிருக்க மாட்டேன்.

பதிரனாவை விட்டதுக்கு எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. 13 கோடிக்கு 13 விக்கெட், ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல. கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்ததும் "பாத்தியா, விட்டுட்டாங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க வித்த ஷேர் அடுத்த மாசம் ஏறினா வித்தது தப்புன்னு ஆகிடாது. என்ன காரணத்துக்கு வித்தீங்கங்கிறதுதான் கேள்வி.

காசிமேடு ஏலமும் அபுதாபி ஏலமும்

டிசம்பர் 16, அபுதாபி. சிஎஸ்கே பையில 43.40 கோடி. அதுல பிரசாந்த் வீர், உத்தரப்பிரதேசத்து இடது கை ஸ்பின் ஆல்ரவுண்டர், 20 வயசு, 14.20 கோடி. கார்த்திக் ஷர்மா, ராஜஸ்தான் கீப்பர், 19 வயசு, அவருக்கும் 14.20 கோடி. ரெண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். 47 மடங்கு. இந்தியாவுக்கு ஆடாத ஒருத்தருக்கு இதுக்கு முன்னாடி இருந்த உச்ச விலை ஆவேஷ் கானுக்கு லக்னோ கொடுத்த 10 கோடி.

இது பைத்தியக்காரத்தனமா? விடியக்காலையில காசிமேடு துறைமுகத்துல நின்னு பார்த்திருந்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்னப் படகுல வர்ற கொஞ்சம் வஞ்சிரத்துக்கு ஏலம் கூவும்போது, ஹோட்டலுக்கு வாங்க வந்த ரெண்டு பேர் மோதினா விலை எங்கே போய் நிக்கும்? அன்னைக்கு மீன் ருசி கூடலை. வரத்து குறைவு, ரெண்டு பேர் பையிலும் பணம், வெறுங்கையோட திரும்ப முடியாது. மினி ஏலமும் தடைக்காலம் மாதிரிதான். நல்ல இந்திய ஆட்டக்காரங்களை எல்லா டீமும் தக்க வச்சுட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க எத்தனை பேர் இருந்தாலும் லெவன்ல நாலு பேருக்குத்தான் இடம். அடிக்கத் தெரிஞ்ச இந்தியப் பசங்க ஏலத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

அதனால விலையைக் குத்தம் சொல்ல மாட்டேன். என் குத்தம் வேற: பையில இருந்ததுல 65 சதவீதத்தை ரெண்டே பேர் மேல வச்சாங்க. அதுவும் ஒரு முழு ஐபிஎல் சீசன் ஆடிக் காட்டாத ரெண்டு பேர். ஒருத்தர்னா தைரியம்னு சொல்வேன். ஜடேஜா போன இடம் காலியா இருக்கு, அதனால வீர் எனக்குப் புரியுது. கார்த்திக்தான் புரியலை. சஞ்சு இருக்காரு, தோனி இருக்காரு, உர்வில் படேல் இருக்காரு. நாலாவது கீப்பருக்கு 14.20 கோடி. அந்தப் பணத்துல பாதியை வச்சு கடைசி நாலு ஓவர் போட ஒரு பௌலரைத் தேடியிருக்கலாம். பதிரனா போன ஓட்டை இன்னும் ஓட்டையாத்தான் இருக்கு. எல்லிஸ், கலீல், கம்போஜ் மூணு பேரும் சீசன் முழுக்க காயமில்லாம ஆடணும்னு வேண்டிக்கணும்.

நல்லதும் நடந்திருக்கு. சர்ஃபராஸ் கான் 75 லட்சம், அகீல் ஹொசைன் 2 கோடி, மேட் ஹென்றி 2 கோடி. இந்த மாதிரி சத்தமில்லாத பில்லுங்கதான் பின்னாடி பேசப்படும். ஒன்பது பேரை எடுத்ததுக்கு அப்புறம் பையில மிச்சம் 2.40 கோடி. ஜடேஜா டிரேடுல மிச்சம் பிடிச்ச அதே தொகை, தற்செயல்தான்.

தோனி பத்தி கேட்காம விட மாட்டீங்க. 44 வயசு, 4 கோடி. இந்தியாவுக்கு ஆடி அஞ்சு வருஷம் ஆனவரை அனுபவமில்லாதவர் கணக்குல சேர்க்கலாம்ங்கிற விதி, ஐபிஎல்லோட மிக அழகான வரிச் சலுகைன்னு நான் சொல்வேன். 4 கோடி சிஎஸ்கேவுக்கு ஒண்ணுமே இல்லை, அவர் கொண்டு வர்ற கூட்டத்துக்கு முன்னாடி. செலவு பணத்துல இல்லை, லெவன்ல ஒரு இடத்துல இருக்கு. பெங்களூர் மேட்ச்ல ஒன்பதாவதா இறங்கி 16 பந்துல 30 அடிச்சாரே, அது அழகா இருந்துச்சு, ஆனா அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு போச்சு.

இன்னொரு ஆதங்கம். விஜய் சங்கர், ஆந்த்ரே சித்தார்த் ரெண்டு பேரையும் விட்டாச்சு, அஸ்வின் ஓய்வு. ஏலம் முடிஞ்சதும் பட்டியலைப் பார்த்தா, தமிழ்நாட்டு அணிக்கு ஆடுறவர்னு சொல்ல குர்ஜப்னீத் சிங் இருக்காரு. அதே நேரம் நம்ம ஊர் சாய் சுதர்சன் குஜராத்துக்கு 759 ரன் அடிச்சு 2025 ஆரஞ்சு தொப்பியை வாங்கிட்டாரு. 2022ல குஜராத் அவரை எடுத்தது 20 லட்சத்துக்கு! சாய் கிஷோர் சிஎஸ்கே பெஞ்ச்லயே ரெண்டு சீசன் உக்காந்துட்டு குஜராத்துக்குப் போனவர். நட்சத்திரங்க பேட்ல ஒட்டியிருக்கிற எம்ஆர்எஃப் 1946ல பலூன் கம்பெனியா ஆரம்பிச்சதே நம்ம திருவொற்றியூர்லதான்; அவங்க 1987லயே சென்னையில வேகப்பந்துப் பள்ளி தொடங்கினாங்க. பக்கத்துத் தெருவுல தேடுறதுல இந்த ஊருக்கு வழக்கம் உண்டு. சிஎஸ்கேவுக்குத்தான் பரத்பூர் வரைக்கும் போக வேண்டியிருக்கு.

14.20 கோடியில கையில எவ்வளவு?

இது என் தொழில், விட மாட்டேன். ஏலத் தொகை ஒரு சீசனுக்கான சம்பளம். அந்தப் பையனோட வேற வருமானத்தையும் செலவையும் விட்டுட்டு, புது வரி முறையில தோராயமா போட்டா வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து சுமார் ஐந்தரைக் கோடி. ஆனா அவர் நம்மள மாதிரி சம்பளக்காரர் இல்லை. டீம் பிடிக்கிற டிடிஎஸ் 10 சதவீதம்தான். மீதி வரியை அவரே அட்வான்ஸ் டாக்ஸா கட்டணும். 20 வயசுல அக்கவுண்ட்ல முழுப் பணமும் தெரியும், அதுல நாலு கோடிக்கு மேல தன்னோடது இல்லைன்னு யாராவது சொல்லித் தரணும். நைட்ல ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிக்கிறீங்கன்னா, தொகைதான் சின்னது, விதி அதேதான்.

ஷேர் வாங்கலாமா?

சிஎஸ்கேயை நடத்துறது சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட். இந்தியா சிமென்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனாலும் இந்த கம்பெனி அதோட போகலை, அது தனி. பங்கு எந்த எக்ஸ்சேஞ்சிலும் பட்டியலாகலை. புரோக்கர் சொல்றதுதான் விலை, விற்க நினைக்கிற அன்னைக்கு வாங்க ஆள் இருக்கணும். 2022 ஜனவரியில 200 ரூபாயைத் தாண்டி மொத்த மதிப்பு 7,600 கோடின்னு செய்தி வந்ததும் வாட்ஸ்அப் குரூப்ல பறந்துச்சு. வாங்கி 24 மாசத்துக்கு மேல வச்சு வித்தா லாபத்துல 12.5 சதவீதம் வரி, அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப்.

ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். நாம பத்தாவது இடம் வந்ததுல அழுதோம். கம்பெனிக்கு அப்படி அடி விழாது. 2023ல இருந்து 2027 வரைக்கும் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போயிருக்கு, அதுல ஒரு பெரிய பங்கு எல்லா டீமுக்கும் பிரிஞ்சு வருது. கப் ஜெயிச்சாலும் ஜெயிக்காட்டியும் அந்தக் காசு வரும். அதனால "அடுத்த வருஷம் ஜெயிப்போம், ஷேர் ஏறும்"னு வாங்குறது கணக்கே இல்லை. எமர்ஜென்சி ஃபண்டு, டேர்ம் இன்ஷூரன்ஸ் ரெண்டும் இல்லாதவங்க இந்தப் பக்கமே வராதீங்க. ரெண்டும் இருந்தா, அஞ்சு வருஷம் மறந்துடக் கூடிய ஒரு சின்னத் தொகைக்கு மேல வேண்டாம்.

டிக்கெட் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 40 சதவீதம். ஆயிரம் ரூபாய் டிக்கெட் 1,280ஆ இருந்தது இப்ப 1,400. நான் ரெண்டு டிக்கெட்டுக்கு ஜனவரியிலயே தனியா எடுத்து வச்சுட்டேன். ராஜஸ்தான் சேப்பாக்கத்துக்கு வந்தா அந்த மேட்ச்சுக்கு. அங்க ஜடேஜா பேட் எடுத்து இறங்கும்போது கை தட்டுவேனா மாட்டேனான்னு எனக்கே இன்னும் தெரியலை.