விழும் பல்தானே என்று விடலாமா?

குழந்தையின் பால் பல்லில் கருமை படரும்போது நம் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் சொல், 'எப்படியும் விழப்போகிற பல்தானே' என்பதுதான். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தச் சொல்லே, சில ஆண்டுகள் கழித்துப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்துப் பற்களுக்குக் கம்பி கட்ட வேண்டிய நிலைக்குப் பல குடும்பங்களைக் கொண்டுசேர்க்கிறது.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய வாய்நல ஆய்வின்படி, 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்தினருக்கும், 12 வயதினரில் 53.8 சதவீதத்தினருக்கும், 15 வயதினரில் 63.1 சதவீதத்தினருக்கும் சொத்தைப் பல் இருந்தது. உலக அளவில் ஏறத்தாழ 51 கோடி குழந்தைகளின் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. இத்தனை பரவலாக இருப்பதாலேயே இதை ஒரு நோயாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் போய்விட்டது.

பால் பற்கள் மொத்தம் 20. மெல்லுவதும், சொற்களைத் திருத்தமாக உச்சரிக்க உதவுவதும் மட்டும் அவற்றின் பணியல்ல. பின்னர் முளைக்கவிருக்கும் நிலைப் பற்களுக்கான இடத்தைக் காத்து வைத்திருக்கும் காவலர்களும் அவையே. பாலின் கடைவாய்ப் பற்கள் இயல்பாக விழுவது பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான். சொத்தையால் ஐந்து அல்லது ஆறு வயதிலேயே அவற்றைப் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. உரிய காலத்தில் முளைக்க வரும் நிலைப்பல் தனக்கான இடம் பறிபோயிருப்பதைக் கண்டு, வரிசைக்கு வெளியே முளைக்கிறது அல்லது எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பற்கள் நெருக்கியடித்துக்கொண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பெற்றோர் பலரும் அறியாத செய்தி இன்னொன்று உண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே மேலும் கீழும் இரு பக்கமுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எதுவும் விழாததால் இவற்றையும் பால் பற்கள் என்றே கருதிவிடுகிறோம். உண்மையில் இவை ஆயுள் முழுவதும் இருக்க வேண்டியவை, மீண்டும் முளைக்காதவை. பல் வரிசைக் குறைபாடுகளை 1899-இல் வகைப்படுத்திய அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள், இந்தப் பற்களின் பொருத்தத்தையே அளவுகோலாகக் கொண்டார். ஆழமான பள்ளங்களைக் கொண்ட இவற்றில்தான் உணவுத் துணுக்குகள் எளிதில் தங்கிச் சொத்தை விரைவாக உண்டாகிறது.

எல்லாப் பல் வரிசைக் குறைபாடுகளுக்கும் சொத்தையே காரணம் என்று கூறிவிட முடியாது. தாடையின் அளவும் பல்லின் அளவும் மரபுவழி அமைபவை. நிலைப் பற்கள் முளைக்கத் தொடங்கிய பின்னும் தொடரும் விரல் சூப்பும் பழக்கம் முன்பற்களை வெளியே தள்ளுகிறது. மூக்கடைப்பு, மூக்கின் பின்புறத் திசு வளர்ச்சி போன்றவற்றால் வாய் வழியாக மூச்சு விடும் குழந்தைக்கு மேல்தாடை குறுகக்கூடும். இவற்றையெல்லாம் ஏழு வயதுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டினால் பெருமளவு கண்டறிந்துவிடலாம். முன்கூட்டியே இழந்த பால் பல்லின் இடத்தை ஒரு சிறிய கம்பி வளையத்தைக் கொண்டு காப்பாற்றவும் முடியும்.

தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஊர்களில் இதன் தேவை இன்னும் கூடுதலாகிறது. வாசீஸ்வரர் கோயிலால் அறியப்பட்ட திருப்பாச்சூரை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூரை ஒட்டிய இந்த ஊரிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கோ வேறு ஆலைகளுக்கோ வேலைக்குச் செல்லும் ஒருவரின் மகளுக்குப் பல் சீரமைப்புத் தேவைப்படுகிறது எனக் கொள்வோம். அரசுத் துறையில் அதற்கான சிறப்புச் சிகிச்சை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். கம்பி கட்டும் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. மாதம் ஒரு முறை என ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை சென்றுவர வேண்டும். கட்டணம் குறைவாகவே இருந்தாலும் 18 முதல் 24 நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் பள்ளி நாள்களும் அதே அளவு பறிபோகும். எனவேதான் பாதியில் கைவிடப்படும் சிகிச்சைகளும், தொடங்கப்படாமலேயே போகும் சிகிச்சைகளும் ஏழை வீடுகளில் மிகுதி.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை நம்பி வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் வளரும் குழந்தைகள் ஆகியோரின் நிலை இதனினும் கடினமானது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பற்களும் உள்ளன. ஆனால், பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் குழந்தை, பரிசோதனை நாளில் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

நல்வாய்ப்பாக, தடுப்பு முறைகள் எளியவை, விலை மலிந்தவை. ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைப் பிசின் பூச்சால் அடைத்துவிடலாம். சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டைஅமைன் ஃபுளுரைடு என்ற திரவத்தையும், துளையிடும் கருவியின்றியே சொத்தையை அடைக்க உதவும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டையும், ஃபுளுரைடு பற்பசையையும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அந்தத் திரவம் சொத்தை இருந்த இடத்தைக் கருப்பாக்கும் என்பது உண்மைதான். ஆயினும் வலியும் பல் பிடுங்குதலும் தவிர்க்கப்படுவதை எண்ணினால் அது பெரிய குறையல்ல. பெரிய கருவிகள் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவற்றைச் செய்ய முடியும் என்பதே இவற்றின் சிறப்பு.

வீட்டில் செய்ய வேண்டியவையும் கடினமானவை அல்ல. பூச்சிப்பல் என்று நாம் சொன்னாலும் பல்லை எந்தப் பூச்சியும் அரிப்பதில்லை. வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்க, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது. எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட எத்தனை முறை உண்கிறோம் என்பது முக்கியம். நாள் முழுதும் கொறிக்கும் பிஸ்கட்டும், சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குவதும் கேடு விளைவிப்பவை. காலையிலும், இரவு படுக்கும் முன்பும் பல் துலக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃபுளுரைடு பற்பசை போதும். ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிடுவது நல்லது.

விளையாடும்போது நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், அதை வேர்ப் பகுதியில் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுசென்றால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. அரை மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. பால் பல்லை அவ்வாறு பொருத்தக் கூடாது. முன்பற்கள் துருத்தி நிற்கும் குழந்தைகளுக்கு இத்தகைய காயங்கள் எளிதில் நேரும். இந்தச் செய்தியை ஒவ்வொரு விளையாட்டு ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும்.

பல் நலத்தைப் பள்ளியோடு இணைப்பதே நீடித்த தீர்வு. ஸ்காட்லாந்து நாட்டில் மழலையர் பள்ளிகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் நாள்தோறும் குழந்தைகள் பல் துலக்குகின்றனர். அதற்கு அரசு செலவிட்டதைவிட, சிகிச்சைச் செலவில் மிச்சமானது அதிகம் என்பது அங்கே ஆய்வில் தெரியவந்தது. தமிழ்நாட்டிலும் பள்ளிச் சிறார்களின் பற்களுக்காக 2023-இல் 'புன்னகை' திட்டம் தொடங்கப்பட்டது. அதனினும் பெரிய வாய்ப்பு ஒன்று நம் கைவசம் இருக்கிறது. 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் ஒவ்வொரு நாள் காலையும் ஓரிடத்தில் கூடுகின்றனர். பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கும் வயதும் அதுவே. உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் பல் துலக்கச் செய்யவும், முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தையின் நான்கு கடைவாய்ப் பற்களையும் பரிசோதித்து, தேவையெனில் பூச்சு இடவும் புதிய கட்டடங்கள் எதுவும் தேவையில்லை.

கம்பி கட்டிச் சீராக்கும் சிகிச்சை தேவைப்படுவோருக்கு அது கிடைத்தாக வேண்டும் என்பதில் இரு வேறு கருத்து இருக்க முடியாது. ஆனால், பால் பல்லைக் காத்திருந்தால் தேவைப்பட்டிருக்காத சிகிச்சைக்காக, ஓர் ஆலைத் தொழிலாளி இருபது நாள் கூலியை இழப்பது தவிர்க்கக்கூடிய இழப்பு. குழந்தையின் ஆறாவது வயதில் ஒரு முறை அதன் வாயைத் திறந்து பார்க்கும் அக்கறை வீட்டுக்கும் அரசுக்கும் இருந்தாலே போதும்.