புகையில்லா அடுப்பு

புகையில்லா அடுப்பு என்பது விறகு, வறட்டி, பயிர்க்கழிவு முதலிய எரிபொருட்கள் எரியும்போது எழும் புகையைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே செலுத்தும் சமையல் அடுப்பு ஆகும். இவ்வடுப்பிலும் புகை உண்டாகின்றது. அது சமையலறையில் பரவாமல் வெளியேறுவதே இப்பெயருக்குக் காரணம். எனவே இதன் பயன், புகைபோக்கி சரியாக நிறுவப்படுவதையும் தொடர்ந்து பேணப்படுவதையும் பொறுத்தே அமைகின்றது.

தேவை

விறகுப் புகையில் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடு வளிமமும் உள்ளன. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. குருதி ஆக்சிசனை எடுத்துச் செல்வதைத் தடுக்கின்றது. வீட்டினுள் ஏற்படும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் இருக்கும் பெண்களும் குழந்தைகளுமே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

வரலாறு

அனைத்திந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் 1934ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா இதன் செயலாளராக இருந்தார். வர்தாவில் இச்சங்கம் இயங்கிய இடம் மகன்வாடி. 1947இல் அறிமுகமான 'மகன் சூலா' இந்தியாவின் தொடக்ககாலப் புகையில்லா அடுப்புகளுள் ஒன்று. ஐதராபாத்தில் இத்துறையில் ஆய்வு செய்த எஸ். பி. ராஜு, புகையற்ற சமையலறைகளைப் பற்றி எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளியானது. 1980களில் மைய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது நிறுத்தப்படும் முன் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன.

செயல்படும் விதம்

பெரும்பாலான வடிவங்களில் இரு பாத்திரங்களுக்கு இடம் உண்டு. முதல் பாத்திரத்தின் அடியில் விறகு எரிகின்றது. சூடான வளிமம் உட்புற வழியாக இரண்டாம் பாத்திரத்தை அடைந்து, பின்னர் புகைபோக்கிக்குள் செல்கின்றது.

சூடான வளிமம் வெளிக்காற்றை விட அடர்த்தி குறைந்ததாகையால் மேலெழுகின்றது. அதனால் அடுப்பின் வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளிழுக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 3 மீட்டர் உயரக் குழாயில் வளிமம் 150 பாகை செல்சியசிலும், வெளிக்காற்று 30 பாகையிலும் இருந்தால் கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 10 பாசுக்கல். இது 1 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். இழுவிசை இவ்வளவு சிறியதாகையால் ஒரு விரிசலோ, மூடப்படாத பாத்திரத் துளையோ, கரி அடைத்த குழாயோ புகையை அறைக்குள் திருப்பிவிடப் போதுமானது.

பாதுகாப்பாக நிறுவுதல்

* அடுப்பு, தீப்பற்றாத தரையில், சுவரை ஒட்டி அமைக்கப்பட வேண்டும். சன்னலிலிருந்து வரும் காற்று நேராக அடுப்பின் வாயில் மோதக் கூடாது.
* குழாய் இயன்றவரை நேராக நிற்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைக் குறைக்கும். இணைப்புகளில் இடைவெளி இருக்கக் கூடாது.
* குழாயின் வாய் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். மழைநீர் இறங்காமல் இருக்கத் தொப்பி பொருத்தப்படுகின்றது.
* ஓலை, வைக்கோல் வேய்ந்த கூரையின் ஊடாகக் குழாயைச் செலுத்துவது பேராபத்தானது. சுவர் வழியாக வெளியே கொண்டுசென்று, இறவாரத்திலிருந்து விலக்கி உயர்த்துவதே முறை. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 18 அங்குலம் (ஏறத்தாழ 45 செ.மீ.) இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி.
* முன்பு கல்நார்க் குழாய்கள் பரவலாகப் பயன்பட்டன. கல்நார் இழைகள் புற்றுநோயை உண்டாக்குவதால், பழைய குழாய்களை அறுப்பதும் உடைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

அடுப்பு சூடேறிய பின், எரியும் ஊதுபத்தியை அதன் வாயருகே பிடித்துச் சோதிக்கலாம். பத்தியின் புகை உள்ளே இழுக்கப்பட்டால் குழாய் இயங்குகின்றது. அறைப்பக்கம் திரும்பினால் அடைப்போ கசிவோ உள்ளது.

பராமரிப்பு

குழாயின் உட்புறத்தில் கரியும் கீல் போன்ற படிவும் சேர்கின்றன. ஈர விறகை எரித்தால் இப்படிவு மிகும். அது இழுவிசையைக் குறைப்பதோடு, தானே தீப்பற்றவும் கூடும். எனவே குழாயைக் குறித்த காலத்தில் துடைத்து, மண் பூச்சின் விரிசல்களை அடைக்க வேண்டும்.

ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2016இல் இதழில் வெளியானது. அடுப்பு வழங்கப்பட்ட முதலாண்டில் சமைப்பவர் உட்கொண்ட புகை குறைந்தது; நாளடைவில் அப்பயன் மறைந்தது. பலர் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாததும் பராமரிப்புக் குறைவும் இதற்குக் காரணங்கள். அடுப்பைக் கட்டிக் கொடுப்பதோடு பணி முடிவதில்லை என்பதை இது காட்டுகின்றது.

எச்சரிக்கை

புகைபோக்கி இல்லாத கரி அடுப்பைக் குளிர்காய்வதற்காக மூடிய அறையில் வைப்பது உயிருக்கு ஆபத்தானது. கரியிலிருந்து புகை அதிகம் எழாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வெளிவருகின்றது. கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இவ்வாறு உறக்கத்திலேயே உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே திறந்தவெளிக்கு வந்து, மருத்துவ உதவி பெற வேண்டும்.